எழுபத்தைந்து ரூபாய்ப் புட்டி

மலையில் சோப்பு மெதுவாகத்தான் கரையும். மதுரையில் பத்து நாள் வருகிற கட்டி கொடைக்கானலில் இருபது நாள் வரும். தண்ணீரின் குளிருக்குப் பயந்து இங்கே யாரும் அதிக நேரம் தேய்த்துக் குளிப்பதில்லை. சீசனுக்குக் கீழேயிருந்து வருகிறவர்கள் இது தெரியாமல் ஆறு கட்டி கேட்பார்கள். மூன்று போதும் என்று சொல்லி, மீதி மூன்றைத் திருப்பி அலமாரியில் வைத்துவிடுவேன். பத்தொன்பது வருஷமாக அப்படித்தான் வியாபாரம் செய்தேன். உங்கள் வீட்டம்மாளுக்கும் ஒரு தடவை அப்படிச் செய்திருக்கிறேன், ஐயா. கேட்டுப் பாருங்கள்.

சொல்ல வேண்டிய கட்டாயம் எனக்கு இல்லை என்று மூன்று தடவை சொல்லிவிட்டீர்கள். சொன்னால் எனக்கு எதிராக நிற்கும் என்றும் சொன்னீர்கள். புரிந்தது, மாஜிஸ்திரேட் ஐயா. யாரும் என்னை அடிக்கவில்லை, ஆசை காட்டவில்லை. குமாஸ்தாவை எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள். பெயர் விசாலாட்சி. காலஞ்சென்ற சுவாமிநாதனின் மனைவி. வயது நாற்பத்தாறு. குமாஸ்தா என் முகத்தை நிமிர்ந்து பார்த்துவிட்டு வயதை மறுபடி கேட்கிறார். நாற்பத்தாறுதான். எழுதட்டும்.

ஏழு ரோடு முக்கிலிருந்து பஜாருக்கு இறங்குகிற வழியில் என் கடை. என் வீட்டுக்காரர் வைத்தது. ஸ்நோ, பவுடர், தலைக்குத் தேய்க்கும் எண்ணெய், சீப்பு, ரிப்பன், கைக்கண்ணாடி. அவர் போனபோது எனக்கு இருபத்தேழு வயது. தாலியை எடுத்தவள் அலங்காரச் சாமான் விற்பதா என்று பஜாரில் பேசினார்கள். ஒரு வருஷம் பேசினார்கள், பிறகு வாங்க வந்தார்கள். குங்குமத்தை மட்டும் நான் தொடுவதில்லை. கல்லாவுக்கு எதிரே அது ஒரு மரப்பெட்டியில் இருக்கும். சுமங்கலிகள் தாங்களே திறந்து கரண்டியால் எடுத்துக்கொண்டு, காசைத் தட்டில் போட்டுவிட்டுப் போவார்கள். அந்தப் பெட்டியின் மூடியில்கூட என் விரல் பட்டதில்லை என்பது ஊருக்கே தெரியும்.

எந்தச் சரக்கு வந்தாலும் முதலில் என் புறங்கையில் தேய்த்துப் பார்ப்பேன். முகர்ந்து பார்த்து, கால் மணி நேரம் கழித்து மறுபடி முகர்வேன். பவுடரை நாக்கு நுனியில் வைத்தால் சுண்ணாம்பு கலந்திருப்பது தெரிந்துவிடும். அதற்குப் பிறகுதான் வாயைத் திறப்பேன். இது விலைக்குத் தகும், இது தகாது. எஸ்டேட்காரர்கள் வீட்டுப் பெண்களும் பள்ளிக்கூடத்து டீச்சர்களும் அந்த ஒரு சொல்லுக்காகக் காத்துக்கொண்டு நிற்பார்கள். எனக்குப் பிள்ளை இல்லை, பூ இல்லை, பொட்டு இல்லை. என் சொல் இருந்தது. ஒரு தடவைகூட அது தப்பாகப் போனதில்லை. இதை நீங்கள் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும், இல்லையென்றால் மற்றது ஒன்றும் உங்களுக்கு விளங்காது.

லீலா இந்த ஊரில் படித்தவள்தான். கொழும்பில் ஒரு துரைசானி வைத்திருந்த அழகுக் கடையில் நான்கு வருஷம் வேலை பார்த்துவிட்டு இந்த வருஷம் திரும்பி வந்தாள். ஏரிச் சாலையில் ஓர் அறையை வாடகைக்கு எடுத்து, சாய்வு நாற்காலியும் ஆளுயரக் கண்ணாடியும் போட்டாள். பெண்கள் அங்கே போய்க் கண்ணை மூடிப் படுத்துக்கொள்வார்கள். அவள் முகத்தைக் கழுவி, பிசைந்து, துடைத்து அனுப்புவாள். முகம் கழுவிவிடுவதற்குக் காசு வாங்குகிறவளைப் பற்றி நான் என்ன நினைத்தேன் என்று நீங்கள் கேட்கவில்லை, அதனால் சொல்லவில்லை.

மே மாதம் ஏழாம் தேதி, வியாழக்கிழமை, அவள் என் கடைக்கு வந்தாள். கையில் ஒரு புட்டி. கட்டைவிரல் பருமன், நீலக் கண்ணாடி, சொட்டுச் சொட்டாக விடுவதற்கு ரப்பர் வைத்த மூடி. சீரம் என்று பெயர் சொன்னாள். அந்தச் சொல்லை நான் ஆஸ்பத்திரியில்தான் கேட்டிருக்கிறேன், பாம்பு கடித்தவனுக்கு ஊசி போடுகிற இடத்தில். விலை எழுபத்தைந்து ரூபாய் என்றாள். கடையில் அப்போது எட்டுப் பத்துப் பெண்கள் இருந்தார்கள்.

"ரொம்ப நல்ல ஐட்டம்மா. மங்கு, கறுப்பு, தேமல் எல்லாம் ஒரே மாசத்துல கிளியர் ஆயிரும். நீங்க ஷெல்ஃப்ல வச்சு ஒரு வார்த்தை சொன்னாப் போதும், எல்லாரும் வாங்கிருவாங்க" என்றாள். சொல்லிவிட்டு என் முகத்தைக் கிட்டே வந்து பார்த்தாள். "ஒங்க மங்குக்கும் நல்லாக் கேக்கும்மா. ஏம்மா மொகத்த இப்பிடி விட்டுட்டீங்க?"

பின்னால் யாரோ சிரித்தார்கள். அவர் போன வருஷமே என் இரண்டு கன்னத்திலும் மங்கு விழுந்தது. புகையிலைச் சாறு தெளித்த நிறம். விதவையின் முகத்தை யாரும் உற்றுப் பார்ப்பதில்லை என்பதால் எனக்கு அது ஒரு குறையாகவே பட்டதில்லை. லீலா சொன்னதற்காக நான் கோபப்படவும் இல்லை. அவள் நல்ல எண்ணத்தில்தான் சொன்னாள்.

ஆனால் அன்றைக்குத்தான் முதல் தடவையாக, புறங்கையில் தேய்க்காமல், மூடியைக்கூடத் திறக்காமல் சொன்னேன்.

"இது மூஞ்சியத் தின்னுரும். ரெண்டு மாசத்துல தோலு உரிஞ்சு கையோட வரும். எழுவத்தஞ்சு ரூவா என்ன, சும்மா குடுத்தாலும் வாங்காதீங்க."

லீலா முகம் சிவந்து நின்றாள். "தொட்டுக்கூடப் பாக்காமச் சொல்றீங்களேம்மா. வேணும்னா டெஸ்ட் பண்ணிப் பாப்போம். ஒரே ஆளு மொகத்துல இந்தப் பக்கம் என்னோட சீரம், அந்தப் பக்கம் ஒங்க பழனிச் சந்தனம். ஒரு மண்டலம், நாப்பத்தெட்டு நாளு போடுங்க. எல்லாரும் பாக்கட்டும். பாட்டில்கூட ஒங்ககிட்டயே இருக்கட்டும், நீங்கதான் நியாயமானவங்க."

ஆக, பாதி முகச் சோதனை என் யோசனை இல்லை. அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

பழனி அடிவாரத்தில் என் அப்பாவுக்கு நாட்டு மருந்துக் கடை இருந்தது. இப்போது அண்ணன் பார்க்கிறான். ராக்காலப் பூஜையில் சுவாமிக்குச் சாத்தி மறுநாள் எடுக்கிற சந்தனத்தில் கொஞ்சம் மாதம் ஒரு தடவை எனக்கு அனுப்புவான். கொடைக்கானலில் யாருக்கு என்ன சரும நோய் வந்தாலும் என்னிடம் கேட்டு ஒரு குண்டுமணி அளவு வாங்கிப் போவார்கள். அதற்கு நான் காசு வாங்குவதில்லை. சோதனையிலும் சந்தனத்தில் நான் ஒன்றும் கலக்கவில்லை. சுவாமி விஷயத்தில் விளையாடுகிறவள் இல்லை நான்.

யார் முகத்தில் போடுவது என்று பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். மாயக்காள் அப்போது கடைக்குள் கூட்டிக்கொண்டிருந்தாள். பண்ணைக்காட்டுக்குக் கீழே காட்டுச் சரிவில் அவள் குடி. தேனும் கடுக்காயும் கல்பாசியும் கொண்டுவந்து போடுகிற சனம். சீசன் மாதங்களில் மட்டும் சித்தியோடு மேலே வந்து தங்கி எனக்குக் கடை வேலை செய்வாள். இருபது வயது. அவளுக்கும் இரண்டு கன்னத்திலும் மங்கு, என்னைப் போலவே.

விளக்குமாற்றைக் கீழே வைத்துவிட்டு முன்னால் வந்தாள். "எனக்குப் போடுங்கம்மா. ஆவணியில கலியாணம் வச்சிருக்கு. இந்த மூஞ்சியோட மாலை மாத்த வெக்கமாக் கெடக்கு."

காப்புக் கட்ட வேண்டும் என்று சொன்னது நான். சுவாமி சந்தனம் சம்பந்தப்பட்டது, மண்டலத்துக்கு நடுவில் விட்டுவிடக் கூடாது, கயிறு கட்டித்தான் தொடங்க வேண்டும் என்றேன். எல்லோரும் சரி என்றார்கள். ஹைஸ்கூல் வாத்தியார் மனைவி சுந்தராம்பாள் மஞ்சள் தடவிய நூலைக் கையில் எடுத்தாள். அவள் சுமங்கலி, அவள் கட்டுவதுதான் முறை. ஆனால் மாயக்காள் கையை என் பக்கம் நீட்டினாள்.

"அவ கட்டக் கூடாதுடீ" என்று யாரோ சொன்னார்கள்.

"எங்க சனத்துல அதெல்லாம் பாக்க மாட்டமுங்க. அம்மாவே கட்டட்டும். அவங்க கை நல்ல கை."

பத்தொன்பது வருஷத்தில் என் கையால் யாரும் ஒரு மங்கலக் கயிறு கட்டிக்கொண்டதில்லை. மூன்று முடிச்சுப் போட்டேன். அவளை எனக்குப் பிடித்திருந்தது, ஐயா. இன்றைக்கும் பிடிக்கும்.

காப்புக்கு ஒரு சட்டம் உண்டு. உங்கள் சட்டத்தைவிடப் பழையது. கட்டியவர்தான் அவிழ்க்க வேண்டும். நாள் முடிவதற்குள் அவிழ்ந்தால் வேண்டுதல் திரும்பி வந்து குடும்பத்தின் மேல் விழும். மாயக்காள் சனத்துக்கு அதில் இன்னும் அழுத்தமான பிடிப்பு. வள்ளி அவர்கள் குடியில் பிறந்தவள் என்பார்கள். பழனி சுவாமி அவர்களுக்கு வீட்டு மாப்பிள்ளை. மாப்பிள்ளையிடம் கொடுத்த வாக்கை எப்படி மீறுவது?

மே பத்தாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை தொடங்கினோம். லீலா இரண்டு புட்டி கொடுத்தாள். ஒரு மண்டலத்துக்கு ஒரு புட்டி தாராளமாகப் போதும், இன்னொன்று கைக்காவலுக்கு என்றாள். இரண்டையும் என் அலமாரியில் வைத்துப் பூட்டினேன். சாவி என் இடுப்பில் இருந்தது. தினமும் காலை ஏழு மணிக்கு மாயக்காள் முகம் கழுவிவிட்டு வந்து முக்காலியில் உட்காருவாள். இடது கன்னத்தில் சீரம் மூன்று சொட்டு, வலது கன்னத்தில் சந்தனம். நானே என் கையால் தடவினேன். மற்றவர் கையில் விட்டால் அளவு கூடக் குறையப் போகும்.

பத்து நாள் ஒன்றும் தெரியவில்லை. பதினைந்தாம் நாள் இடது கன்னத்தில் மங்கின் ஓரம் கரைய ஆரம்பித்தது. இருபதாம் நாள் அந்தப் பக்கம் வேறு முகமாக இருந்தது. தோல் தெளிந்து, உள்ளிருந்து ஒரு மினுமினுப்பு வந்திருந்தது. வலது பக்கம் பழையபடியே. சந்தனம் கெடுதல் ஒன்றும் செய்யவில்லை, அவசரமும் படவில்லை. மாயக்காள் கூட்டும்போதெல்லாம் கைக்கண்ணாடிகளில் இடது பக்கத்தை மட்டும் காட்டிப் பார்த்துக்கொண்டாள். "எம் மாமன் பாத்தா அசந்துருவாரும்மா" என்றாள்.

இருபத்திரண்டாம் நாள் சந்தை. மலை முழுவதும் ஊருக்குள் வந்திருந்தது. மாயக்காளைக் கடை வாசலில் நிறுத்தி, அவள் முகவாயைப் பிடித்து இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார்கள். சுந்தராம்பாள் என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே சொன்னாள்: "விசாலாட்சியம்மா சொல்லு மொத தடவையாத் தப்பாப் போச்சே. போகட்டும், வயசாகுதுல்ல."

அவர்கள் என் கடையிலிருந்து நேராக ஏரிச் சாலைக்குப் போனார்கள். அன்று சாயங்காலத்துக்குள் லீலா பதினோரு புட்டி விற்றாள் என்று கேள்விப்பட்டேன். புட்டியைப் பற்றி எனக்கு ஒன்றும் இல்லை. ஒரு ஸ்நோ டப்பா விற்கவில்லை என்றால் அடுத்த சீசனில் விற்கும். ஆனால் சொல்லை அப்படி அலமாரியில் வைத்திருந்து அடுத்த சீசனுக்கு விற்க முடியாது.

நீங்கள் நியாயம் படித்தவர். யோசித்துப் பாருங்கள். தோல் உரியும் என்று நான் ஊர் அறியச் சொல்லியிருந்தேன். உரியவில்லை. அப்படியானால் இரண்டில் ஒன்று பொய். ஒன்று என் சொல், அல்லது அந்தக் கன்னம். சொல்லை நான் மாற்றுவதில்லை. மீதி இருந்தது கன்னம்தான்.

அப்பாவின் கடையில் வளர்ந்தவள் நான். அழுகின புண்ணைத் தின்னவைப்பதற்கென்று வைத்தியர்கள் வாங்கிப் போகிற பாஷாணம் ஒன்று உண்டு. அதன் பெயர் உங்கள் ரசாயனப் பரிசோதகர் சென்னையிலிருந்து அனுப்பிய தாளில் இருக்கிறது. என் வாயால் சொல்லி இன்னொருத்திக்குத் தெரிய வேண்டாம். என் வீட்டுக்காரரின் காலில் புண் வந்தபோது வாங்கியதில் மீதி என்னிடம் இருந்தது. முதல் புட்டியில் பாதி சீரம் இருந்தது. இருபத்துமூன்றாம் நாள் அதில் கலந்தேன். மிகக் குறைவாகத்தான் தொடங்கினேன். அவளுக்குக் கெடுதல் செய்ய வேண்டும் என்ற எண்ணமே இல்லை. தோல் கொஞ்சம் உரிந்தால் போதும் என்றிருந்தேன். உரிந்து, வடுவாகி, ஆவணிக்குள் ஆறிவிடும் என்று நினைத்தேன்.

இரண்டாவது புட்டி எங்கே என்று போலீஸார் பல தடவை கேட்டார்கள். அதைக் கடைசியில் சொல்கிறேன்.

கலந்த மூன்றாம் நாளே, "எரியுதும்மா" என்றாள் மாயக்காள்.

"எரியத்தான் செய்யும். சாமி சந்தனத்துக்குப் பக்கத்துலயே அந்நியச் சரக்கத் தடவுனா அவரு சும்மா இருப்பாரா? அவரு ஒன்னச் சோதிக்கிறாரு. காப்ப அவுத்துரவா?"

"ஐயோ வேணாம்மா. எங்க மாப்பிள்ளை கோவிச்சாலும் வெரசாச் சரியாயிருவாரு. நான் பொறுத்துக்கிறேன்."

பொறுத்துக்கொண்டாள். அந்தச் சனத்தின் பொறுமை கீழே இருக்கிறவர்களுக்குத் தெரியாது. தினமும் காலையில் வெள்ளனே வந்து முக்காலியில் உட்கார்ந்து, கண்ணை மூடிக்கொண்டு, இடது கன்னத்தை அவளே என் பக்கம் திருப்பிக் காட்டுவாள். நான் ஒரு நாளும் அவளைக் கட்டாயப்படுத்தவில்லை. கன்னம் முதலில் சிவந்தது, பிறகு வெளுத்தது, பிறகு பொடிந்தது. சிவப்பைக் கண்டதுமே லீலாவிடம் புட்டி வாங்கியவர்கள் பயந்து தடவுவதை நிறுத்திவிட்டார்கள். தடவும்போது அவள் வலது கை சேலை முந்தானையைப் பிடித்துத் திருகிக்கொண்டே இருக்கும். இடது கை மட்டும் காப்போடு மடியில் அசையாமல் கிடக்கும்.

முப்பத்திரண்டாம் நாள் லீலா வந்தாள். அவளிடம் யாரோ போய்ச் சொல்லியிருக்கிறார்கள். மாயக்காள் முகத்தைப் பார்த்ததும் அவளுக்கு வாய் குழறியது. "ஸ்டாப் பண்ணுங்கம்மா. ஏதோ ராங் ஆயிருச்சு. கெட்டுப்போன பாட்டிலா இருக்கும். ப்ளீஸ், இன்னிக்கே ஸ்டாப் பண்ணுங்க."

"அவளையே கேளு" என்றேன்.

அவள் மாயக்காளின் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். கெஞ்சினாள். மாயக்காள் தலையை ஆட்டினாள். "காப்பு இருக்குங்க. நடுவுல விட்டா எம் மாமன் உசுருக்கு ஆகாது."

லீலா காப்பை அறுக்கப் போனாள். மாயக்காள் கையைப் பிடுங்கிக்கொண்டு அலமாரி மூலையில் போய் ஒடுங்கி நின்றாள். லீலா அழுதாள். போகும்போது புட்டியிலிருந்து இரண்டு சொட்டைப் பஞ்சில் எடுத்துக் கைக்குட்டையில் முடிந்துகொண்டு போனாள், கம்பெனிக்கு அனுப்பிக் கேட்கப் போகிறேன் என்று. தன் சரக்கின் மேல்தான் அவளுக்குச் சந்தேகம். என்னை அவள் சந்தேகப்படவே இல்லை. நான் தடுக்கவும் இல்லை. தடுத்திருந்தால் இன்றைக்கு இங்கே உட்கார்ந்திருக்க மாட்டேன். நியாயமான பரீட்சையில் யார் வேண்டுமானாலும் சரக்கைச் சோதிக்கலாம் என்பது என் கொள்கை.

நாற்பதாம் நாள் சின்னக்கருப்பன் வந்தான். அவன்தான் அவளுக்கு நிச்சயித்த மாமன். தாண்டிக்குடியில் காப்பி எஸ்டேட்டில் வேலை. லீலா சொல்லி அனுப்பி, வழியில் ஜீப்பைப் பிடித்து ஏறி வந்திருக்கிறான். மழையில் நனைந்திருந்தான். மாயக்காள் அவனைக் கண்டதும் இடது பக்கத்தைச் சேலையால் மூடிக்கொண்டாள். இடது கண் அதற்குள் திறக்காமல் போயிருந்தது. அவன் சேலையை விலக்கிப் பார்த்தான். என்னிடம் வந்து கையைக் கட்டிக்கொண்டு நின்றான்.

"அம்மா, அவுத்து விட்டுருங்க. எனக்கு இருக்குற மூஞ்சி போதும். பாதி இருந்தாலும் போதும்."

"நாளு முடியல தம்பி. இன்னும் எட்டு நாளுதான்."

"எம் மேல விழட்டும்மா. சாமி குத்தம் எதுவா இருந்தாலும் எம் மேலயே விழட்டும். நான் தாங்கிக்கிறேன். கட்டுன கை ஒங்க கை. ஒங்களால மட்டுந்தான் முடியும்."

நான் யோசித்தேன். யோசிக்கவில்லை என்று சொல்ல மாட்டேன். முடிச்சு எப்படி இருந்தது என்பதுகூட நினைவு இருக்கிறது. மஞ்சள் போய், நூல் கறுத்து, நகத்தால் கீறினால் அறுந்துவிடுகிற பதத்தில் இருந்தது. ஆனால் நாற்பதாம் நாள் நிறுத்தினால் ஊர் என்ன சொல்லும்? மண்டலம் முடிந்திருந்தால் ஆறியிருக்கும், விசாலாட்சி பயந்து நடுவில் விட்டுவிட்டாள் என்று சொல்லும். அவனுக்கு ஒரு டம்ளர் சுடு காப்பி கொடுத்து அனுப்பினேன்.

மண்டலம் வெள்ளிக்கிழமை முடிந்தது. வெள்ளிக்கிழமை பஜாரில் ஆள் இருக்காது. ஞாயிறு சந்தை வரை இரண்டு நாள் தள்ளினேன். அந்த இரண்டு நாளும் தடவினேன். ஒன்றைத் தொடங்கினால் ஒழுங்காக முடிக்க வேண்டும்.

ஞாயிறு காலை கடையில் இருந்த கைக்கண்ணாடிகள் நாற்பதையும் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்தேன். மாயக்காள் தன்னைப் பார்த்துவிடக் கூடாது என்றுதான். இரக்கம் இல்லாதவளாக இருந்தால் எனக்கு அது தோன்றியிருக்குமா? பிறகு அவளை வாசலுக்குக் கூட்டி வந்து, எல்லோருக்கும் முன்னால் காப்பை அவிழ்த்தேன். சேலையை விலக்கினேன்.

ஒரு குழந்தை அழுதது. சுந்தராம்பாள் வாயைப் பொத்திக்கொண்டாள். வலது கன்னம் நன்றாக இருந்தது. கடைசிவரை நன்றாகவே இருந்தது.

"நான் என்ன சொன்னேன்?" என்று மட்டும் கேட்டேன்.

பிறகு கூட்டத்தில் ஒரு பெண் சொன்னாள்: "அம்மா சொன்னாச் சொன்னதுதான்."

என் வீட்டுக்காரர் போனதிலிருந்து அப்படி ஒரு நிம்மதியை நான் அறிந்ததில்லை. அதை மறைக்க எனக்கு விருப்பம் இல்லை. சந்தோஷமாக இருந்தேன், ஐயா. மாயக்காள் என் காலடியில் உட்கார்ந்து, "முடிஞ்சுதாம்மா? சாமி ஏத்துக்கிட்டாராம்மா?" என்று கேட்டாள். ஏற்றுக்கொண்டார் என்றேன். அவள் கும்பிட்டாள்.

கூட்டம் ஏரிச் சாலைக்குப் போய் லீலாவின் கண்ணாடியை உடைத்தது. நான் போகச் சொல்லவில்லை. போலீஸார் வந்து அவளைக் கொண்டுபோனார்கள். மாயக்காளை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். ஐந்தாம் நாள் அவளுக்கு நீர் கட்டிக்கொண்டது. கைகால் வீங்கியது. தோல் வழியாக விஷம் உள்ளே இறங்கிவிட்டது என்று டாக்டர் சொன்னாராம். தோல் வழியாக அவ்வளவு இறங்கும் என்று எனக்குத் தெரியாது. அப்பா சொல்லவில்லை. காப்பு அவிழ்த்த பதின்மூன்றாம் நாள் அவள் இறந்தாள். சின்னக்கருப்பன் கல்யாணத்துக்கு எடுத்து வைத்திருந்த சேலையைப் போர்த்திக் கீழே கொண்டுபோனதாகச் சொன்னார்கள். கடையைச் சாத்திவிட்டு நானும் பஸ் நிற்கிற இடம் வரை போனேன். எல்லோரும் எனக்கு வழிவிட்டார்கள்.

லீலா இரண்டு மாதம் உள்ளே இருந்தாள். அவள் கம்பெனிக்கு இன்னும் அனுப்பாமல் வைத்திருந்த அந்தக் கைக்குட்டையும், அவள் அறையில் எடுத்த சீல் உடைக்காத புட்டிகளும் சென்னைக்குப் போய் வந்தன. கைக்குட்டை முடிச்சில் பாஷாணம் இருந்தது, சீல் உடைக்காத புட்டிகளில் இல்லை. இன்ஸ்பெக்டர் சேனாதிபதி என்னிடம் வந்து கேட்டார். கேட்டவுடன் ஆமாம் என்றேன். அவர் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். அதற்கு முன்னால் யாரும் என்னைக் கேட்கவில்லை. கேட்காததைச் சொல்லாமல் இருப்பது பொய் ஆகாது. என் தொழிலில் நான் பொய் சொன்னதே இல்லை என்பதை மறுபடியும் எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள்.

ஆக, மாயக்காளைக் கொன்றது நான். விசாலாட்சி. லீலாவுக்கும் அவள் சரக்குக்கும் அதில் சம்பந்தம் இல்லை. கையெழுத்துப் போடுகிறேன்.

இன்னும் இரண்டாவது புட்டி இருக்கிறது. போலீஸார் கடையைத் தலைகீழாகப் புரட்டினார்கள். குங்குமப் பெட்டியை மட்டும் யாரும் திறக்கவில்லை. அதை நான் தொட மாட்டேன் என்று அவர்களுக்கும் தெரியும். குங்குமத்துக்கு அடியில், துணியில் சுற்றி வைத்திருக்கிறேன். இருபத்துமூன்றாம் நாளிலிருந்து, கடையைத் திறப்பதற்கு முன்னால், தினமும் காலையில் ஒவ்வொரு சொட்டு. இரண்டு கன்னத்துக்கும். சரக்கைச் சோதிக்காமல் பேசக் கூடாது அல்லவா? முன்பு ஒரு தடவை சோதிக்காமல் பேசிவிட்டேன், அந்தக் குறையைச் சரிசெய்தேன். உங்கள் குமாஸ்தா வயதை இரண்டு தடவை கேட்டார். பத்தொன்பது வருஷத்து மங்கு, ஐயா. கைதான அன்று என் முகத்தைப் பார்த்து இன்ஸ்பெக்டர்கூட என்னை என் தங்கை என்று நினைத்தார்.

அடியில் இன்னும் கொஞ்சம் இருக்கிறது. மதுரை ஜெயிலில் வெயில் அதிகம் என்கிறார்கள். அந்தப் புட்டியை மட்டும் எனக்குக் கொடுத்தனுப்ப முடியுமா?

உங்கள் வீட்டம்மாளுக்கும் கன்னத்தில் லேசாக மங்கு இருக்கிறது, பார்த்திருக்கிறேன். அவர்கள் கேட்டால் நான் சொன்னதாகச் சொல்லுங்கள்: அந்த விலைக்கு அது தகாது.